வன்னித் தெருக்களில் ஒரு புகையில்லா டீசல் லொறி

நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றி மூட்டை கட்டுவது அரிசி ஆலையின் பாதி வேலைதான். அந்த மூட்டை கடைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். கிளிநொச்சியில் உள்ள எங்கள் சிறிய ஆலையிலிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே போகும் தெருவில் உள்ள கடைகளுக்கும், ஏ9 நெடுந்தெரு வழியே தெற்கில் மாங்குளம், வவுனியா வரைக்கும் அரிசி ஏற்றுவதற்கு நாங்கள் வைத்திருப்பது, யப்பானில் ஓடிப் பின்னர் இங்கே இறக்குமதியான பதினாலரை அடி இசுசு எல்ஃப். புகைக்குழாயில் கரி வடிக்கும் பில்டர் பூட்டிய லொறி அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் திறந்துவிடப்பட்டதிலிருந்து, லொறி எடுக்கும் எண்ணத்தோடு இருக்கும் கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் என்னைக் காணும்போதெல்லாம், "உந்தப் புகைப் பில்டர் லொறி எங்கட பக்கத்துக்குச் சரிவருமோ?" என்று கேட்கிறார்கள். சரிவரும், ஆனால், லொறியின் குணத்துக்கேற்ப நாளின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தச் சம்மதிப்பவருக்கு மட்டுமே சரிவரும். நின்ற நிலையில் இரண்டு வார்த்தையில் இதை விளக்க முடியாதென்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்த லொறிகள் எதற்காக இப்படி ஆக்கப்பட்டன என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1999 இல் தோக்கியோவின் ஆளுநராக இருந்த ஷிந்தாரோ இஷிஹரா, டீசல் கரி அடைத்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைச் செய்தியாளர்களுக்கு முன்னால் தூக்கிக் காட்டி, தம் நகரத்து மக்கள் எதைச் சுவாசிக்கிறார்கள் என்று கேட்க வைத்தார். 2003 ஒக்டோபர் தொடக்கம் தோக்கியோவும் அதைச் சூழ்ந்த மூன்று மாநிலங்களும் கரித்துகள் வரம்பை மீறும் டீசல் வாகனங்களைத் தம் எல்லைக்குள் ஓட அனுமதிக்கவில்லை. ஐரோப்பாவில் பாரவூர்திகளுக்கான கணக்கைப் பார்த்தால் இறுக்கம் எவ்வளவு என்பது தெளிவாகும்: 1992 இல் வந்த யூரோ 1 விதி ஒரு கிலோவாற்று மணித்தியாலத்துக்கு 0.36 கிராம் கரித்துகளை அனுமதித்தது. யூரோ 6 அனுமதிப்பது 0.01 கிராம். யப்பானின் 2009 ஆம் ஆண்டு விதியும் அதே 0.01 இல்தான் நிற்கிறது. எஞ்சினை மட்டும் திருத்தி அந்த அளவுக்கு இறக்க முடியாது. ஆகவே புகைக்குழாயின் நடுவில் ஒரு வடி வைக்க வேண்டியதாயிற்று. அதைப் பொதுவாக டிபிஎஃப் என்கிறார்கள். இசுசுக்காரர் டிபிடி என்றும் ஹினோக்காரர் டிபிஆர் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை ஒன்றுதான்.

வடியை அடக்கிய பேணியின் உள்ளே இருப்பது தேன்வதை போல நுண்ணிய கண்கள் கொண்ட மட்பாண்டக் கட்டி. ஒரு கண் முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும். பக்கத்துக் கண் முன்பக்கம் அடைத்துப் பின்பக்கம் திறந்திருக்கும். உள்ளே போன புகை நேரே வெளியேற வழியில்லாமல் சுவரை ஊடுருவித்தான் அடுத்த கண்ணுக்குள் போக வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரில் தங்கிவிடும். அதற்கு முன்னால், டீசலை எரியத் தூண்டும் ஓர் ஊக்கிக் கட்டி இருக்கிறது. கரி நிறைய நிறைய வடிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் வேறுபாடு கூடுகிறது. அதை அளக்கும் சென்சர் கணினிக்கு அறிவிக்கிறது. கணினி, எரிப்பு முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் சிறிது டீசலை விசிறச் செய்கிறது. அந்த டீசல் ஊக்கியில் எரிந்து, புகையின் சூட்டை ஏறத்தாழ 600 பாகை வரை உயர்த்த, வடியில் தங்கிய கரி எரிந்து காபனீரொட்சைட்டாகிப் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே இது தானாக நடக்கும். மீற்றர்ப் பலகையைக் கவனிக்காத சாரதிக்கு நடந்ததே தெரியாது.

வடி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அறிய எந்தக் கருவியும் தேவையில்லை. எஞ்சின் ஆறியிருக்கும் காலைவேளையில் புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். விரலில் சாம்பல் நிறத் தூசி மெல்லிதாக ஒட்டியிருந்தால் வடி உயிரோடு இருக்கிறது. அடுப்புச் சட்டியின் அடியைத் தொட்டதுபோல் விரல் கறுத்துவிட்டால் வடியில் கீறல் விழுந்திருக்கிறது, அல்லது யாரோ உள்ளேயிருந்ததை உடைத்து எறிந்திருக்கிறார்கள். பழைய லொறி பார்க்கப் போகும் எவருக்கும் நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்; விற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே செய்துவிடலாம்.

இனி வன்னிக்கு வருவோம். மேலே சொன்ன எரிப்பு ஒழுங்காக நடப்பதற்கு, எஞ்சின் சூடேறிய நிலையில், நிறுத்தாமல், ஒரே சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட வேண்டும். எங்கள் விநியோகமோ அதற்கு நேர்மாறானது. பிரதான தெருவிலிருந்து உள்ளே இறங்கினால் கிரவல் ஒழுங்கை. இரண்டாம் கியரில் ஊர்ந்து போய் ஒரு கடையில் நிறுத்தி, நாட்டாமி நாலைந்து மூட்டையை இறக்கி, கடைக்காரர் பழைய கணக்கைப் பார்த்து, பாதிக் காசைத் தந்து, மீதியை அடுத்த கிழமைக்குத் தள்ளி, பிறகு அடுத்த கடை. இந்த ஓட்டத்தில் புகைக்குழாய் சூடேறுவதில்லை; கரி சேருகிறதே தவிர எரிவதில்லை. கணினி எரிக்கத் தொடங்கும் நேரம் பார்த்துச் சாரதி எஞ்சினை அணைத்துவிடுவார். மீண்டும் தொடங்கும், மீண்டும் அணையும். அப்படிப் பாதியில் நின்ற ஒவ்வொரு தடவையும், கரியை எரிக்க விசிறிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கிறது. ஒயில் மட்டம் குறைவதைத்தான் நாங்கள் எல்லோரும் பயந்து பார்த்துப் பழகியவர்கள். இந்த லொறியில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது மட்டம் ஏறியிருந்தால் அதுதான் ஆபத்து. இழுத்த கம்பியை மணந்து பாருங்கள், டீசல் மணம் மூக்கில் அடிக்கும். அந்த ஒயிலுக்கு வழுவழுப்பு இராது. அதோடு தொடர்ந்து ஓடினால் பெயாரிங்கைத் தின்றுவிடும்.

இதற்கு மருந்து கராச்சில் இல்லை, ஓட்டத்தின் ஒழுங்கில் இருக்கிறது. நாங்கள் உள்ளூர் ஒழுங்கைக் கடைகளை விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டு, பரந்தனிலிருந்து விசுவமடு வழியாகப் புதுக்குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்கு இறங்கி, மாங்குளத்தில் ஏ9 ஏறித் திரும்புகிறோம். மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர், காப்பெற் தெரு, லொறி வெறுமையாகவோ பாதிச் சுமையோடோ வரும், நிறுத்த வேண்டிய கடை எதுவும் இல்லை. காலை முழுவதும் சேர்ந்த கரி எரிவதற்கு இதைவிட நல்ல இடம் வன்னியில் வேறில்லை. வவுனியாவுக்குப் போகும் நாட்களில் இந்தக் கவலையே கிடையாது.

இதில் முறிகண்டிப் பிள்ளையாரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏ9 இல் ஓடும் எந்தச் சாரதியும் அங்கே நிறுத்திக் கற்பூரம் கொளுத்தாமல், தேங்காய் உடைக்காமல் தாண்ட மாட்டார். நானும் தாண்டச் சொல்ல மாட்டேன். ஆனால், அது சரியாக மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில், எரிப்பு மும்முரமாக நடக்கும் நேரத்தில் வருகிறது. ஆகையால் எங்கள் சாரதியோடு ஓர் ஒப்பந்தம்: மீற்றர்ப் பலகையில் டிபிடி விளக்கு எரிந்துகொண்டிருந்தால், கிளீனரை லொறியிலேயே இருத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்குவதானால் கையோடு வாங்கிக்கொண்டு ஏறிவிட வேண்டும், விளக்கு இல்லையென்றால் ஆறுதலாக நின்று தேநீரும் குடிக்கலாம். "பிள்ளையாருக்குத் தெரியும் அண்ணை, எங்கட லொறிக்குக் காய்ச்சல் எண்டு" என்பார் அவர். ஒப்பந்தத்தை அவர் இதுவரை மீறியதில்லை.

தானாக எரியும் வாய்ப்புக் கிடைக்காமல் கரி மிகுந்துவிட்டால் விளக்கு மினுங்கத் தொடங்கும். அப்போது லொறியை ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டு, கைபிறேக்கை இழுத்து, டிபிடி பொத்தானை அழுத்தினால் எஞ்சின் சத்தம் தானே உயரும். பதினைந்து இருபது நிமிடத்தில் எரித்து முடித்துவிடும். அந்த நேரத்தில் லொறி எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். புகைக்குழாயிலிருந்து வரும் வாயு காய்ந்த புல்லைப் பற்றவைக்கும் சூடு உடையது. வன்னியில் கோடைகாலத்துத் தெருவோரம் முழுவதும் காய்ந்த புல். அறுவடை நாட்களில் தெருவிலேயே வைக்கோல் கிடக்கும். ஆலை வளவிலோ உமிக் குவியல். எனவே வெறும் கிரவல் தரையிலோ சீமெந்துத் தளத்திலோ நிறுத்தி, பின்பக்கம் ஒரு தடவை நடந்து பார்த்த பிறகே பொத்தானில் கை வைக்க வேண்டும். நெல் காயவிடும் தளம் இதற்கு வசதியாகத் தோன்றும். அங்கே மட்டும் வேண்டாம். மினுங்கும் விளக்கை நாட்கணக்காகப் பொருட்படுத்தாமல் ஓடினால் எஞ்சின் வலுவைக் கணினியே குறைத்துவிடும். அதற்குமேல் லொறிக் கணினியை வாசிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

எரிபொருள் விடயம் தனியாக எழுத வேண்டிய அளவு பெரியது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் வன்னிக்குள் டீசலும் பெற்றோலும் வருவது அரிதாகி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும், கலப்பு எண்ணெயைச் சாரத் துணியில் வடித்து லொறித் தாங்கிக்குள் ஊற்றியதையும் கண்ட தலைமுறை நாங்கள். அந்தக் கால எஞ்சின் எதைக் கொடுத்தாலும் குடித்தது. அதன் நொசில் 200 பார் அளவு அழுத்தத்தில் திறந்தது. பம்பியை ஊரிலேயே பிரித்துப் பூட்டலாம். எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தி வைத்து விசிறும் இன்றைய கொமன் ரெயில் எஞ்சினில், அந்த டீசல் 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. அதை விசிறும் துளைகளின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அந்தப் பம்பியையும் நொசிலையும் வழுக்கச் செய்வது டீசலேதான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்லை. மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்த காலத்தில் டீசலோடு கலந்து விற்பதிலும் ஓடுவதிலும் பலர் இலாபம் கண்டார்கள். 2022 ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியதும் அந்த ஆசை பெரும்பாலும் அடங்கிற்று. மீனவர்களையும் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகளையும் அந்த விலையேற்றம் எப்படி வாட்டியது என்பது வேறு கதை. கொமன் ரெயில் எஞ்சின்களுக்கு மட்டும் அது நன்மையாகப் போயிற்று.

கந்தகம் அடுத்த சிக்கல். யப்பானில் 2007 தொடக்கம் டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. எங்கள் லொறிகள் அந்த எண்ணெயை நம்பித்தான் வடிவமைக்கப்பட்டன. இங்கே சாதாரண ஒட்டோ டீசலில் கந்தகம் அதைவிடப் பல மடங்கு. அது எரிந்து ஊக்கியின் மேற்பரப்பை மூடி அதன் வேலையைக் கெடுக்கிறது. சல்பேற்றாக மாறி வடியையும் நிரப்புகிறது. ஊக்கி மந்தமானால் கரியை எரிக்கும் சூடு வராது. கணினி இன்னும் அடிக்கடி எரிக்க முயலும். டீசலும் ஒயிலும் சேர்ந்து வீணாகும். 2018 இல் யூரோ 4 என்ற பெயரோடு சந்தைக்கு வந்த, கந்தகம் குறைந்த சுப்பர் டீசலை நாங்கள் அடிப்பது இதனால்தான். எல்லாப் பெற்றோல் செட்டிலும் அது இருப்பதில்லை என்பது வன்னியின் நடைமுறைச் சங்கடம். ஏ9 இல் ஏறும் நாளிலேயே தாங்கியை நிரப்பிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும்.

விலை வித்தியாசத்தைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. விலை உச்சத்தில் இருந்த 2022 ஜூன் இறுதியில் ஒட்டோ டீசல் 460 ரூபா, சுப்பர் டீசல் 520 ரூபா. வித்தியாசம் 60 ரூபா. சுமையோடு லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால் கிலோமீற்றருக்கு ஏழரை ரூபா. நூறு கிலோமீற்றருக்கு 750 ரூபா. 3,000 கிலோ அரிசி, அதாவது 25 கிலோ மூட்டைகள் 120 ஏற்றியிருந்தால் மூட்டை ஒன்றுக்கு ஆறேகால் ரூபா. நாட்டில் யாருமே கணக்குப் பார்க்கத் துணியாத அந்த மாதத்திலேயே இவ்வளவுதான். கடைக்காரர் கடனுக்கு எழுதிவிட்டு மறந்துபோகும் தொகையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

ஒயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடியில் கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பல் பெரும்பாலும் எஞ்சின் ஒயிலில் கலந்துள்ள உலோகச் சேர்க்கைகளிலிருந்து வருவது. எனவே சாம்பல் குறைந்த ஒயில்தான் ஊற்ற வேண்டும். யப்பான் லொறிகளுக்கு ஜாசோ டிஎச்-2 என்ற தரக் குறியீட்டைக் கேனில் அச்சிட்டிருக்கும். அந்த எழுத்து இல்லாத கேன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். இவ்வளவு கவனித்தாலும் ஆண்டுகள் போகச் சாம்பல் நிரம்பத்தான் செய்யும். அப்போது வடியைக் கழற்றி, அதற்கென்று உள்ள கருவியால் பின்பக்கமிருந்து காற்றடித்துத் துப்புரவாக்க வேண்டும். சேர்விஸ் நிலையத்துத் தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடிப்பது மட்பாண்டத்தைக் கல்லால் அடிப்பதற்குச் சமம்.

யூரியா பற்றியும் எச்சரிக்க வேண்டும். எங்கள் எல்ஃபில் யூரியாக் கரைசல் ஊற்றும் தாங்கி இல்லை. ஆனால், 2010 இறுதியில் வந்த ஃபூசோ கன்ரரிலும் அதற்குப் பிந்திய வேறு பல லொறிகளிலும் புகையில் உள்ள நைதரசன் ஒட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் குறைப்பதற்காக ஆட்புளூ என்ற கரைசல் ஊற்ற வேண்டும். அது மிகத் தூய யூரியா 32.5 வீதமும் உப்பகற்றிய நீரும் கலந்தது. வயலுக்கு எறியும் யூரியாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் என்ன என்று கமக்காரர் வீட்டில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். 2021 இல் உரத்தடை வந்தபோது ஒரு பை யூரியாவுக்குப் பட்ட பாட்டை நினைத்தால், அதை லொறிக்கு ஊற்ற மனம் வருவதே ஆச்சரியம். உர யூரியாவில் உள்ள அழுக்குகளும், எங்கள் கிணற்று நீரின் சுண்ணாம்பும் கரைசலை விசிறும் துளையை அடைத்து ஊக்கியைப் பாழாக்கிவிடும். சரியான ஆட்புளூவும் சூட்டில் கெடும்: 25 பாகையில் ஒன்றரை ஆண்டு தாங்குவது 35 பாகையில் ஆறு மாதம்தான் தாங்கும். தகரக் கொட்டிலில் வாங்கி அடுக்கி வைக்க ஏற்ற பொருளல்ல.

தூசியும் எலியும் ஆலைக்காரரின் தனிப் பிரச்சினைகள். உமித்தூசி எயார் பில்டரை அடைத்தால் எஞ்சினுக்குக் காற்றுக் குறையும், காற்றுக் குறைந்தால் கரி கூடும், கரி கூடினால் வடி நிறையும். ஒரு மலிவான தாள் பில்டரைக் கவனிக்காததன் பலன் விலையுயர்ந்த வடியில் போய் விடியும். லொறியை இப்போது குற்றும் கொட்டிலுக்குக் காற்றுவளம் பார்த்து, தூசி படாத பக்கத்தில் நிறுத்துகிறோம். எலி அதைவிடக் கொடியது. பழைய லொறியில் கடிப்பதற்கு வயரே அதிகம் இல்லை. புதியதில் ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு மெல்லிய வயர்; அரிசி தின்று கொழுத்த ஆலை எலிக்கு அது பல் தீட்டும் இடம். ஒரு வயர் அறுந்தால் கணினி வடி பழுதென்று விளக்குப் போடும். கராச்சில் வடியையே குறை சொல்வார்கள். ஆகவே விளக்கு எரிந்தால் முதல் வேலையாக ரோர்ச் வெளிச்சத்தில் வயரைப் பாருங்கள்.

கழற்றி எறிவதைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, ஏனெனில் எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. "தம்பி, உள்ளுக்கிருக்கிறதை உடைச்சு எறிஞ்சிட்டு வெறும் பேணியைப் பூட்டி விடுவம், ஒரு கரைச்சலும் இராது" என்று அனுபவமுள்ள மெக்கானிக்மாரே சொல்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; மூடிய பேணிக்குள் நடப்பதைக் காட்டும் ஸ்கேனரும் பயிற்சியும் இல்லாமல் அவர்களிடம் பழுதுபார்க்கச் சொன்னால் வேறெதைச் சொல்வார்கள்? வருடாந்தப் புகைப் பரிசோதனையும் தடுப்பதில்லை. டீசல் வாகனத்துக்கு அங்கே அக்சிலேற்றரை அழுத்தி அளப்பது புகையின் கருமையை மட்டுமே, நைதரசன் ஒட்சைட்டை அளப்பதில்லை. வடி உடைத்த கொமன் ரெயில் எஞ்சின்கூடச் சமாளித்துத் தேறிவிடக்கூடும். உற்பத்தியாளர்களே நேர்மையாக நடந்தார்களா என்று கேட்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது: 2015 இல் ஃபொக்ஸ்வாகன் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளோடு பிடிபட்டது, 2022 இல் ஹினோ தன் எஞ்சின்களின் புகைத் தரவுகளைத் திரித்ததாக ஒப்புக்கொண்டது. இவையெல்லாம் தெரிந்தும் எங்கள் லொறியில் வடி இருக்கிறது, இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகைப் பொருட்களோடு சேர்த்தது. எங்கள் ஏற்றும் கொட்டில் மூன்று பக்கம் சுவர் எழுப்பியது. லொறி பின்னோக்கி வந்து நிற்கும் இடத்தில் நாட்டாமிமார் மூச்சு வாங்க மூட்டை தூக்குகிறார்கள். தவிடு சலிக்கும் பெண்கள் நாலடி தள்ளி இருக்கிறார்கள். பழைய லொறி நின்ற காலத்தில் அடுக்கின் கீழ்வரிசை மூட்டைகளில் கறுப்புப் படிந்து, துடைத்து விட்டுத்தான் ஏற்றினோம். மூட்டையில் படிந்தது அவர்களுடைய மார்புக்குள்ளும் படிந்திருக்கும். இப்போது வெள்ளைப் பை வெள்ளையாகவே கடைக்குப் போகிறது.

வாங்கப் போகிறவருக்கு இன்னும் சில வார்த்தைகள். விரல் சோதனைக்குப் பிறகு, திறப்பைப் போட்டவுடன் மீற்றர்ப் பலகையில் எஞ்சின் விளக்கும் டிபிடி விளக்கும் ஒரு கணம் எரிந்து அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் விளக்கைக் கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கிறார்கள். ஸ்கேனர் வைத்திருப்பவரைக் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய், வடியின் அழுத்த வேறுபாட்டையும் கடைசியாக எரித்ததிலிருந்து ஓடிய தூரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். கிலோமீற்றர்க் கணக்கைத் திருப்பலாம். இந்த எண்களைத் திருப்ப யாரும் மினைக்கெடுவதில்லை. லீசிங் எடுப்பதாயின் மாதத் தவணையோடு சுப்பர் டீசல், டிஎச்-2 ஒயில், எரிபொருள் பில்டர் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தக் கூட்டுத்தொகை தாங்குமா என்று பாருங்கள். லொறி விலையை மட்டும் பார்த்து இறங்கியவர்கள்தான் பிறகு பேணியை உடைக்கிறார்கள். மாரிகாலத்தில் குளங்கள் வான் பாயும்போது தாழ்ந்த பாலங்களில் தண்ணீருக்குள் இறக்குவதையும் மறந்துவிடுங்கள். சூடேறிய வடி குளிர்நீரில் முங்கினால் கீறல் விழக்கூடும்.

ஊருக்குள்ளேயே ஓடி, பிரதான தெரு ஏறாமல், நாளுக்கு நாலைந்து கடைக்கு மட்டும் இறக்குவதுதான் உங்கள் தொழில் என்றால் இந்த லொறி உங்களுக்கு வேண்டாம். அதற்குப் பெற்றோலில் ஓடும் சிறிய லொறி போதும். ஒழுங்கை வேலைக்கு மட்டுமானால் லான்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியே போதும். கிழமையில் இரண்டு மூன்று நாளாவது ஏ9 இல் நீள ஓட்டம் இருப்பவர்கள் எடுங்கள்.